வக்காலத்தில் என் பெயர்

இங்கிலாந்தில் சொலிசிட்டர் (அங்குள்ள ஒருவகை வழக்கறிஞர்) ஆக விரும்புகிறவர் இரண்டாண்டுப் பயிற்சியை முடித்த பிறகே தகுதி பெறுகிறார். பயிற்சி முடியும் நாளை நாட்காட்டியில் குறித்துவைக்க அவரால் முடியும். மதுரையில் எங்கள் வரிசை தலைகீழ். வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு செய்த அன்றே, 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி நான் வழக்கறிஞர் ஆகிவிட்டேன். அகில இந்தியப் பார் தேர்வில் தேறுவது ஒன்றுதான் பாக்கி இருந்தது. பதிவுக்கு முன் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம் என்று 1995-இல் வந்த விதிகளை 1999-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே தகுதி முதலில் கிடைத்துவிடுகிறது. தொழில் பிறகு, ஒரு சீனியரின் அலுவலகத்தில், யாரும் தேதி குறிக்காமல் வந்து சேர்கிறது.

எனக்கு அது ஐந்து ஆண்டுகள். வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போவது, வாய்தா வாங்குவது, சீனியர் யானைமலை அடிவாரத்து உயர் நீதிமன்றக் கிளையில் வாதாடிக்கொண்டிருக்கும்போது மாவட்ட நீதிமன்றத்தில் எழுந்து நின்று "பாஸ் ஓவர்", அதாவது வழக்கைச் சற்று நேரம் கழித்து எடுக்கும்படி, கேட்பது என்று முதல் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. மதுரையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது 2024-இல்தான். என் காலத்தில் பெட்ரோல் காசோடு சரி. அதற்காக நான் வருந்தவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் நான் எழுதிய ஒவ்வொரு வழக்குரையும் சீனியரின் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் வெளியே போனது என்பதும், அதன் விலை என்ன என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை என்பதும் உண்மை.

தனியாக வந்த மூன்றாம் மாதம், மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டித் தள்ளிக்கொண்டே வருகிறார் என்பது அவருடைய குறை. கிரையப் பத்திரமும் பட்டாவும் கையில் இருந்தன. வக்காலத்தில், அதாவது அவருக்காக வழக்காட எனக்கு அதிகாரம் தரும் தாளில், அவர் கைநாட்டு வைக்க, அதற்குக் கீழே முதன்முறையாக என் பெயர் மட்டும் இருந்தது. "ஜெயிச்சுருவோம்ல தம்பி?" என்று கேட்டார். சீனியராக இருந்தால் பதில் சொல்லாமல் மூலப் பத்திரத்தைக் கேட்டிருப்பார். நான் "ஜெயிச்சுருவோம்மா" என்றேன்.

நிலம் அவர் கைவசம் இருக்கும் அனுபோகத்தில் பக்கத்து வயல்காரர் தலையிடக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது தடை உத்தரவு, மட்டும் கேட்டு வழக்கைத் தாக்கல் செய்தேன். நீதிமன்றக் கட்டணம் குறைவு, வேலையும் எளிது. பிரதிவாதியின் பதிலான எதிர்வழக்குரை வந்தபோதுதான், அந்த மூதாட்டிக்கு நிலத்தை விற்றவருக்கே அதில் முழுப் பாத்தியம் இல்லை, பாகப்பிரிவினையில் ஒரு பகுதி தங்களுக்கு வந்தது என்று பிரதிவாதி சொல்வது தெரிந்தது. உரிமையிலேயே இப்படி மேகம் படிந்திருந்தால் வெறும் உறுத்துக்கட்டளை போதாது, நிலம் இவருடையதுதான் என்று நீதிமன்றம் அறிவிக்கும் உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று 2008-இல் அனதுல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பிலிருந்து சீனியருக்காகக் குறிப்பெடுத்துக் கொடுத்தவனே நான்தான். அவருடைய கட்சிக்காரர்களுக்குப் பயன்பட்ட சட்டம் என் கட்சிக்காரருக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். படித்தபோதெல்லாம் அது இன்னொருவர் கேட்கப்போகும் கேள்விக்கான விடையாகவே இருந்தது. அந்தக் கேள்வியை நானே எழுப்ப வேண்டும் என்ற பழக்கம் எனக்கு வந்திருக்கவில்லை.

பரிகாரம் இருந்தது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 6, விதி 17-இன் கீழ் வழக்குரையைத் திருத்தலாம். சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால், போதிய கவனத்தோடு இருந்தும் முன்பே கேட்க இயலவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். என்னால் அதை மனசாட்சியோடு சொல்லியிருக்க முடியாது. நல்லவேளையாக, விசாரணை தொடங்கவில்லை. விளம்புகை கேட்டால் நிலத்தின் சந்தை மதிப்பில் பாதியைக் கணக்கிட்டு அதன் மேல் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதுதான் சிக்கல்.

சீனியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா தம்பி?"

சொல்லியிருக்கவில்லை. மறுநாள் மூதாட்டியை வரவழைத்து, வழக்கில் ஒரு கோரிக்கையைச் சேர்க்க வேண்டும், கூடுதலாகக் கட்டணம் ஆகும் என்றேன். "இது மொதல்லயே தெரியாதா தம்பி?" என்று கேட்டார். சட்டம் மாறிவிட்டது என்றோ பிரதிவாதி புதுக்கதை கட்டுகிறார் என்றோ சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். "தெரியும்மா. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, நெல் அறுத்ததும் பணம் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். வழக்குக் கட்டை வேறு வக்கீலிடம் கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

கொடுக்கவில்லை. செலவுத் தொகை கட்டும் நிபந்தனையோடு திருத்த மனு அனுமதிக்கப்பட்டது. அந்தத் தொகையை நான் கட்டினேன். அடுத்த வாய்தாவில் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும். அதற்கு முன் ஒருமுறை வந்து வரப்பைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஜூனியராக இருந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனையோ நில வழக்குகளின் கட்டுகளைச் சுமந்திருக்கிறேன், ஒரு நிலத்தையும் நேரில் பார்த்ததில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.