ராடு கணக்கும் மெய்நிகர் கவசமும்

வெல்டிங் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, என் பழைய மாணவர் ஒருவர் இப்போது பயிற்றுநராக இருக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தில், மெய்நிகர் வெல்டிங் கருவியை மாட்டிப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் கிடைத்தது. பார்வைக்கு அது நாம் அறிந்த வெல்டிங் கவசம்தான். கறுப்புக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிறு திரைகள் இருக்கின்றன. ராடைப் பிடிக்கும் ஹோல்டரைப் பிளாஸ்டிக் பிளேட்டுக்கு அருகில் கொண்டுபோனால் திரையில் ஆர்க் என்னும் மின்சுடர் எரிகிறது, காதில் சரசரவென்று சத்தம் கேட்கிறது, கை நகர நகரப் பின்னால் பீடு, அதாவது உருகிய உலோகக் கோடு, படிகிறது. முடித்ததும் ராடின் (உருகி இணைப்பாகும், மேல்பூச்சு உள்ள கம்பியின்) சாய்வு, ஆர்க் நீளம், கையின் வேகம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வருகிறது. எனக்குக் கிடைத்தது நூற்றுக்கு 64. கை வேகம் அதிகமாம். முப்பது ஆண்டுகளாக மாணவர்களிடம் நான் சொல்லிவந்த குறை அது.

இந்தக் கருவி எங்கே பயன்படும் என்பது பட்டறையில் முதல் மாதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புதிதாக வரும் பையன் ராடைப் பிளேட்டில் உரசுவான், அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். பதறி இழுப்பான், மேல்பூச்சு உதிரும், அந்த ராடு வீண். 3.15 மி.மீ. ராடு ஒன்று ஒழுங்காக எரிந்தாலே ஒன்றரை நிமிடம் தாங்காது. கவசத்தை இறக்கும் முன்பே ஆர்க் பிடித்துவிட்டு, இரவெல்லாம் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்துகிறது என்று மறுநாள் விடுப்புக் கேட்டு வந்தவர்கள் என் வகுப்பிலேயே பலர். சாய்வையும் இடைவெளியையும் கைக்குப் பழக்கும் இந்தக் கட்டத்தை ராடு செலவும் கண்வலியும் இல்லாமல் கடக்க முடியுமானால், அதற்கு அரசு பணம் செலவழிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

பணம் இப்போது வருகிறது என்பதும் உண்மை. தொழிற்பயிற்சி நிலையங்களை மேம்படுத்த ரூ.60,000 கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 மே மாதம் ஒப்புதல் அளித்தது. அதில் மத்திய அரசின் பங்கு 30,000 கோடி, மாநிலங்களின் பங்கு 20,000 கோடி, தொழில் நிறுவனங்களின் பங்கு 10,000 கோடி. ஆயிரம் அரசு நிலையங்கள் இதில் அடங்கும். சிறப்பு மையங்களாக உயர்த்தப்படும் ஐந்து தேசியப் பயிற்சி நிலையங்களில் சென்னையும் ஒன்று. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு நிலையங்களை ஏறத்தாழ ரூ.2,877 கோடியில் தரம் உயர்த்தும் பணி தொடங்கிவிட்டது. ரோபோ, கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரம், மின்வாகனம் ஆகியவற்றோடு, கணினியில் வடிவமைத்துக் கணினியிலேயே சரிபார்க்கும் ஒரு பிரிவும் அங்கே வந்திருக்கிறது.

நான் சொல்ல வருவது, அந்தப் பணம் எந்தத் தலைப்பில் செலவாகிறது என்பதைப் பற்றி. அரசு அலுவலகத்தில் கருவி வாங்குவது எளிது; டெண்டர், விநியோகம், திறப்பு விழா, புகைப்படம் என்று அது ஒரு நிதியாண்டுக்குள் முடிந்துவிடும். அதன்பின் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய மென்பொருள் உரிமக் கட்டணமும், அறுந்த கேபிளும், வியர்வையும் தலை எண்ணெயும் ஊறிப்போன பட்டையை மாற்றும் செலவும் யார் கணக்கு? நான் போன இன்னொரு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) உரிமம் காலாவதியாகி, இரண்டு கருவிகளும் உறை போட்டபடி பூட்டிய அறையில் இருந்தன. சாவி வைத்திருந்தவருக்கு அவற்றை இயக்கத் தெரியாது. பயிற்சி பெற்றிருந்தவர் இடமாறுதலில் போய்விட்டார். மத்தியத் திட்டத்தில் 50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் சேர்க்கப்பட்டிருப்பதால்தான், எனக்கு அதில் கட்டடங்களைவிட அந்த அம்சம் முக்கியமாகப் படுகிறது.

நேரக் கணக்கும் இருக்கிறது. இருபது பேர் கொண்ட வகுப்புக்கு ஒரு கருவி என்றால், இரண்டு மணி நேரத்தில் ஆளுக்கு ஆறு நிமிடம். மற்றப் பத்தொன்பது பேரும் திரையை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் வெல்டிங் பயிற்சியில் இதைச் சோதித்திருக்கிறார்கள். பாதி நேரம் கருவியிலும் பாதி நேரம் உண்மையான ஆர்க்கிலும் பழகியவர்கள், பழைய முறையில் மட்டும் பழகியவர்களைவிடச் சிறப்பாகத் தேறினார்கள். முழு நேரமும் கருவியிலேயே பழகியவர்களுக்கோ எளிய, நடுத்தர வெல்டுகள் கைகொடுத்தன. கடினமான நிலைகளுக்கு அது போதவில்லை. பட்டறையில் நின்றவர்களுக்கு இதில் வியப்பு இராது. என் பழைய மாணவரின் வகுப்பில், கருவியில் 90க்கு மேல் எடுத்த ஒரு பையனை உண்மையான வெல்டிங் பெஞ்சுக்கு அனுப்பினோம். முதல் பொறி தெறித்துக் கையுறையில் விழுந்ததும் அவன் கை ஒரு அங்குலம் பின்னால் போய்விட்டது, ஆர்க் அணைந்தது. "சார், அதுல சூடே தெரியலையே" என்றான். ஆனால் நான்காவது ராடில் அவன் கை நின்றது. சுத்தியலால் தட்டியபோது பீடின் மேல் படிந்த கசடான ஸ்லாக் நீளத் துண்டாக உரிந்து வந்தது. வழக்கமாக அதற்குப் பல நாள் ஆகும்.

அதனால் என் அச்சம் கருவியைப் பற்றியது அன்று, அதைக் காட்டி ராடையும் பிளேட்டையும் குறைத்துவிடுவார்கள் என்பது. மூலப்பொருளுக்கு ஒதுக்கும் பணம்தான் எங்கள் காலத்திலும் முதலில் வெட்டப்பட்டது. பிளேட்டின் இரு பக்கமும் பீடு போட்டு நிரப்பி, பிறகு அதன்மேலேயே மறுபடி போட வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு வரும் அதிகாரி கருவியைப் போட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவதற்கு முன், ஸ்டாக் ரெஜிஸ்டரை வாங்கி, கருவி வந்த ஆண்டில் எத்தனை பாக்கெட் ராடு வழங்கப்பட்டது, அதற்கு முந்தைய ஆண்டில் எத்தனை என்று இரண்டு பக்கங்களைப் புரட்டினால் போதும்.