பிளிக்ளிங் மாளிகையில் ஒரு பகல்

இங்கிலாந்தின் நாரிச் நகரில் பஸ் ஏறி ஏல்ஷம் என்ற சிற்றூரில் இறங்கினேன். அங்கிருந்து ஒன்றரை மைல் நடை. சாலை வளைந்து திரும்பியதும் செங்கல் மாளிகை மொத்தமும் கண்முன் நின்றது. நானூறு வயதுக் கட்டடம். முன்வாசலின் இருபுறமும் யூ மர வேலி, வீட்டுச் சுவர் போலக் கனத்து நிற்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் வெளியே பச்சை மெல்லிய போர்வைதான். உள்ளே முழுக்கக் காய்ந்த குச்சிகள்.

இந்த வீட்டின் கடைசிச் சொந்தக்காரருக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பிலிப் கெர், பதினோராவது லோதியன் பிரபு. நம் ஊரில் வரலாறு படித்தவர்களுக்கு 'லோதியன் குழு' ஞாபகம் இருக்கும். யார் யாருக்கு ஓட்டுரிமை தரலாம் என்று விசாரிக்க 1932-ல் இந்தியா முழுக்கச் சுற்றிய குழு அது. அம்பேத்கரும் அதில் உறுப்பினர். 1938-ல் இவர் சேவாகிராமத்துக்குப் போய் காந்தியுடன் தங்கவும் செய்தார்.

மாடியில் ஓர் அறையின் சுவரை நிறைத்துக்கொண்டு, குதிரைமேல் ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் இருக்கும், நெய்த சித்திரத் திரைச்சீலை தொங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டில் இந்த வீட்டுக்காரர் ஒருவர் ரஷ்யாவில் தூதராக இருந்தபோது கேதரின் மகாராணி கொடுத்த பரிசு. அடுத்தது நீண்ட கூடம், முழுக்கப் புத்தகங்கள். 1930-ல் பட்டமும் சொத்தும் கெருக்கு வந்தபோது மரண வரியும் சேர்ந்தே வந்தது. 1932-ல் அரிய நூல்களை நியூயார்க்கில் விற்றார். ஆயிரம் ஆண்டு பழைய 'பிளிக்ளிங் ஹோமிலிஸ்' என்ற பழைய ஆங்கிலப் பிரசங்கங்களின் கையெழுத்துப் பிரதியும் அப்படித்தான் போனது. அந்த அலமாரிகள் முன்னால் வெகுநேரம் நின்றேன், மனசு கனத்தது.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜின் செயலாளராக இருந்தவர் கெர். போர் முடிந்ததும் போட்ட வெர்சாய் ஒப்பந்தத்தில் ஜெர்மனியை அளவுக்கு மீறி நசுக்கிவிட்டோம் என்ற உறுத்தல் பின்னாளில் அவரை விடவில்லை. அதனால்தான் 1935-லும் 1937-லும் ஹிட்லரைப் போய்ச் சந்தித்தார், சமாதானம் பேசலாம் என்று நம்பினார். பெரிய தப்பு. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1939-ல் ஹிட்லர் செக் நாட்டின் பிராக் நகருக்குள் நுழைந்ததும், தான் ஏமாந்ததை ஒப்புக்கொண்டு அடியோடு மாறினார். அந்த வருஷமே வாஷிங்டனுக்குத் தூதராகப் போனார். 1940 செப்டம்பரில் அமெரிக்காவின் 50 பழைய போர்க்கப்பல்கள் பிரிட்டனுக்குக் கிடைத்ததில் அவர் பங்கு பெரியது. பணம் தீர்ந்துகொண்டிருப்பதை ரூஸ்வெல்ட்டுக்கு மறைக்காமல் எழுதுங்கள் என்று சர்ச்சிலை விடாமல் வற்புறுத்தியவரும் அவரே.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த சமயம் அவர் உடம்பு மிகவும் மோசம். பிரார்த்தனையே நோயைக் குணமாக்கும் என்று சொல்லும் கிறிஸ்டியன் சயன்ஸ் மதப்பிரிவில் நம்பிக்கை உள்ளவர், அதனால் டாக்டரைக் கூப்பிடவில்லை. டிசம்பர் 11 அன்று பால்டிமோரில் அவர் பேசவேண்டிய உரையைத் தூதரகத்துச் சகா வாசித்தார். மறுநாள் இறந்தார், வயது 58. ஐந்தே நாளில் ரூஸ்வெல்ட் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, பிரிட்டனுக்கு ஆயுதங்களைக் கடனாகத் தரும் யோசனையைச் சொன்னார். அதைக் கேட்க இவர் இல்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். வரியில் அழியும் பழைய மாளிகைகளை, பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் ஏற்றுக் காக்கவேண்டும் என்று 1934-லேயே பேசியவர், உயிலில் பிளிக்ளிங்கை அவர்களுக்கே எழுதிவைத்தார். அதனால்தான் என்னைப்போல யாரோ ஒருவர் டிக்கெட் எடுத்து அந்தக் கூடத்தில் நிற்க முடிகிறது.

அவர் அஸ்தி முதலில் அமெரிக்காவின் ஆர்லிங்டன் கல்லறையில் இருந்தது. 1945-ல்தான் ஸ்காட்லாந்துக்கு வந்து, ஜெட்பரோ அபே என்ற பழைய மடாலயத்தில் சேர்ந்தது. அடுத்த பயணம் அங்கேதான்.