ஃபிளேரை அலைநீளம் மாற்றி மாற்றிப் பார்ப்பது எப்படி

ஃபிளேர் என்பது சூரியனில் திடீரென்று ஆற்றல் வெடித்துக் கிளம்பும் நிகழ்வு. நாசாவின் சூரிய ஆய்வுச் செயற்கைக்கோளான எஸ்.டி.ஓ. அனுப்பும் சூரியப் படங்களில் வரும் பொன்மஞ்சளும் சிவப்பும் நீலப்பச்சையும் பூசிய வண்ணங்கள். கேமராவில் பதிவாவது கறுப்பு வெள்ளைதான். படத்தில் படிக்க வேண்டியது வெப்பநிலையை. 171 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு; இனி வரும் 131, 304 போன்ற எண்களும் அதில்தான்) ஒளியைத் தருவது 8 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. அது சுமார் 6 லட்சம் கெல்வினில் இருக்கும். 131-இல் ஃபிளேர் நேரத்தில் தெரிவது 20 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு; அதற்கு ஒரு கோடி கெல்வின் வேண்டும். 304 என்பது ஒரு எலக்ட்ரான் போன ஹீலியம், சுமார் 50,000 கெல்வின். இந்த மூன்று எண்களும் மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பழகுவதற்கு 2017 செப்டம்பர் 10 நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்8.2 ஃபிளேர் (எக்ஸ் என்பது மிக வலிய ரகம்), 12673 என்ற கரும்புள்ளிக் கூட்டத்திலிருந்து, சூரியனின் மேற்கு விளிம்பில் வெடித்தது. விளிம்பில் நடந்ததால் பக்கவாட்டுத் தோற்றம் முழுதாகக் கிடைக்கிறது. ஹீலியோவியூவர் என்ற சூரியப் பட இணையதளத்தில் அந்தத் தேதியை வைத்து, உலக நேரம் 15:30 முதல் கிடைக்கும் படங்களை ஒன்றுவிடாமல் ஓட்டுங்கள். நம் கடிகாரத்தில் அப்போது இரவு 9 மணி. சூரிய ஆய்வகங்கள் உள்ள கொடைக்கானலிலோ உதய்ப்பூரிலோ சூரியன் இல்லை. தரைநிலையங்களை மட்டும் நம்ப முடியாதது இதனால்தான்.

முதலில் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது சூரியனின் எக்ஸ் கதிரை அளக்கும் கோஸ் செயற்கைக்கோளின் வரைபடம். 1 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் வரையிலான கோடு 16:06-க்கு உச்சம் தொடுகிறது. வெடிப்பே அப்போதுதான் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த ஆற்றல் குறைந்த மென் எக்ஸ் கதிர், ஏற்கெனவே சூடாகி மேலே வந்து தேங்கிய வாயுவின் அளவைத்தான் சொல்கிறது. ஆற்றல் வேகமாகக் கொட்டும் நேரம், அந்தக் கோடு மிகச் செங்குத்தாக ஏறும் நிமிடங்கள். ஆற்றல் கூடிய கடின எக்ஸ் கதிரும் மைக்ரோவேவும் துள்ளுவது பெரும்பாலும் அந்த ஏற்றத்தில்தான். நியூபர்ட் விளைவு என்று பெயர். இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலத்தில் மென் எக்ஸ் கதிரை அளக்கும் சோலெக்ஸின் கோட்டையும் கடின எக்ஸ் கதிரை அளக்கும் ஹெலியாஸின் கோட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், பல ஃபிளேர்களில் இதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி 131-க்கும் 193-க்கும் வாருங்கள். 15:50-ஐ ஒட்டிய படங்களில், நீர்த்துளியைக் கவிழ்த்தது போன்ற ஒரு கருங்குழி விளிம்பிலிருந்து எழும்புகிறது. உள்ளே முறுக்கிய காந்தப்புலம். அது மேலே போனதும் அதன் வாலிலிருந்து மெல்லிய, நேரான, ஒளிரும் கோடு ஒன்று கீழேயுள்ள வளைவுகளின் உச்சி வரை நீள்கிறது. அதே நிமிடத்தில் 171-க்கு மாறுங்கள். அந்தக் கோடு இருக்காது. 193 வழக்கமாக 12 லட்சம் கெல்வினைக் காட்டும் தடம் என்றாலும், அதற்குள் சுமார் 2 கோடி கெல்வினில் இருக்கும் இரும்பின் ஒளியும் வருகிறது. 131-க்கும் இப்படி ஒரு குளிர்ந்த பக்கம் உண்டு. ஆகவே ஒரு பொருள் சூடானதா என்று சந்தேகம் வந்தால் 171-ஐயும் 211-ஐயும் புரட்டிப் பார்த்த பிறகே சொல்லுங்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருவது. அவசரமே வேண்டாம், 5 நிமிடத்துக்கு ஒரு படம் போதும். வளைவுகள் முதலில் 131-இல் தெரியும், பிறகு 94, அதன்பின் 335, 211, 193, 171 என்று இறங்கி வரும். கடைசியில் 304-இல், வளைவின் இரு கால்களிலும் சொட்டுச் சொட்டாக வாயு வழிந்து இறங்கும். கொரோனா (சூரியனின் வெளி வளிமண்டலம்) மழை என்பது இதுதான். இப்படி வளைவுகள் தடம் தடமாக மணிக்கணக்கில் குளிர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

கோளாறுகளும் உண்டு. உச்ச நேரத்தில் கேமராவின் சி.சி.டி. உணரி நிரம்பி, மின்னூட்டம் பக்கத்து பிக்சல்களுக்கு வழிந்து வெள்ளைக் கோடாக நிற்கும். முன்வடிகட்டியைத் தாங்கும் நுண்வலையால் எக்ஸ் வடிவில் ஒளிக்கதிர்கள் விரியும். அவற்றைப் பீறிட்ட வாயு என்று எண்ணி அளந்துவிடாதீர்கள். ஃபிளேர் நேரத்தில் கருவியே எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு படத்தையும் அதன் எக்ஸ்போஷர் நேரத்தால் வகுக்காமல் வரைபடம் போட்டால் ரம்பப்பல் மாதிரி வரும்.

வெடிப்பிலிருந்து கொரோனாவில் பரவும் அலையைத் தேட 193 அல்லது 211-இல் ஒரு படத்திலிருந்து முந்தைய படத்தைக் கழியுங்கள். ஆனால் அப்படிக் கழித்த படத்தில் ஒளி நகர்ந்து போன இடமெல்லாம் கறுப்பாகத் தெரியும். அதைக் கொரோனா மங்கியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மங்கலைக் காண வெடிப்புக்கு முந்தைய ஒரே படத்தை எல்லாவற்றிலிருந்தும் கழிக்க வேண்டும், அதுவும் சில மணி நேரத்துக்குள். அதற்கு மேல் போனால் சூரியன் சுழல்வதே பிழையைக் கொண்டுவரும்.

சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலைகளில் அதிர்வெண் என்பது அடர்த்தி. கன சென்டிமீட்டருக்கு 10 கோடி எலக்ட்ரான் இருக்கும் இடம் 90 மெகாஹெர்ட்ஸில் பேசும். நேரத்தோடு அதிர்வெண் மாறுவதைக் காட்டும் வரைபடத்தில், சில விநாடிகளில் சரசரவென்று இறங்கும் கோடு மூன்றாம் வகை, எலக்ட்ரான் கற்றை. நிமிடக்கணக்கில் சாய்வாக இறங்கினால் இரண்டாம் வகை, அதிர்ச்சி அலை. 88 முதல் 108 வரை அசையாமல் கிடக்கும் கிடைக்கோடுகள் எஃப்.எம். நிலையங்கள்.

ஹெச்-ஆல்ஃபாவில், அதாவது ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில், பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 1 ஆங்ஸ்ட்ராம் நகர்வு விநாடிக்கு 46 கி.மீ. வேகம். 0.5 ஆங்ஸ்ட்ராம் வடிகட்டி வழியே பார்க்கும் இழை (காந்தப்புலம் தாங்கி நிற்கும் குளிர்ந்த வாயு) ஒன்று திடீரென்று மறைந்தால், அது அழிந்திருக்க வேண்டியதில்லை. நம்மை நோக்கிக் கிளம்பி வடிகட்டியின் எல்லையைத் தாண்டியிருக்கலாம். வடிகட்டியை நீலப் பக்கம் திருப்பினால் மீண்டும் கிடைக்கும்.

ஃபிளேர் பெரிதாக இருந்தால் வாயுவும் வெளியேறியே தீரும் என்றில்லை. 2014 அக்டோபரில் 12192 கூட்டம் ஆறு எக்ஸ் ரக ஃபிளேர்களை வெடித்தது. 24-ஆம் தேதியின் எக்ஸ்3.1-இல்கூட சி.எம்.இ. (சூரியன் வீசியெறியும் வாயுக் கூட்டம்) வரவில்லை. 2012 ஆகஸ்ட் 31-இல் சிறிய சி ரக ஃபிளேரோடு ஒரு பெரிய இழையே பிய்த்துக்கொண்டு போனது. அதனால் கடைசியாக சோஹோ விண்கலத்தில் சூரிய வட்டை மறைத்துச் சுற்றுப்புறத்தைப் படமெடுக்கும் லாஸ்கோ கருவியின் படங்களைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். 2017 நிகழ்வின் சி.எம்.இ. விநாடிக்கு சுமார் 3,000 கி.மீ. வேகம், படத்துக்குப் படம் உள்ள 12 நிமிட இடைவெளியில் அது மூன்று சூரிய ஆரத்தைத் தாண்டிவிடும். லாஸ்கோ சி2-வின் பார்வையில் அது ஓரிரு படங்களில்தான் அகப்படும். வேகத்தை அளக்க, அதைவிட அகலமாகப் பார்க்கும் சி3-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். புரோட்டான்கள் கேமராவில் மோதி படம் முழுக்கப் பனி கொட்டத் தொடங்குவதற்கு முந்தைய படங்களில் சி.எம்.இ.-யின் முனையைக் குறித்துவிடுங்கள்.