கரப்பானுக்குக் கசந்த சர்க்கரை

ஓட்டலில் சமையற்கட்டைக் கழுவித் தள்ளிவிட்டு கடைசி ஆளும் கிளம்பிய பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். சென்னையில் 14 வருடமாகப் பூச்சி ஒழிப்பு வேலை பார்க்கிறேன். அப்படி ஓர் இரவு, ஓட்டல் மாஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, போன மாசம் நீங்க வச்ச மருந்து வச்ச இடத்துலயே காஞ்சு கிடக்கு. பூச்சிக்குப் புத்தி வந்திருச்சு."

கிரைண்டருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பாசிப்பயறு அளவில் வைத்த ஜெல் பொட்டுகள் அப்படியே இருந்தன. சுற்றிலும் மிளகுத்தூள் தூவின மாதிரி புது எச்சம். காய்ந்ததால் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அதே ஜெல்லைப் புதிதாக வைத்தேன். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். சிவப்பு வெளிச்சம் கரப்பான் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

கால் மணி நேரத்தில் ஒன்று வந்தது. கழுத்துப் பட்டையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட சின்ன ஜாதி, நாங்கள் 'ஜெர்மன்' என்று சொல்வது. மீசையால் ஜெல்லைத் தடவியது. நெருங்கி வாய் வைத்தது. வைத்த வேகத்தில் பின்னால் துள்ளியது. அப்புறம் ஓரமாக நின்று முன்காலை வாயில் இழுத்து இழுத்துச் சுத்தம் செய்தது. நாக்கில் வேப்பெண்ணெய் தடவிய குழந்தையின் முகம்தான் நினைவுக்கு வந்தது. வாசனைக்குப் பயந்திருந்தால் கிட்டவே வந்திருக்காது. ருசி பார்த்துவிட்டுத்தான் விலகியது.

அந்தத் துள்ளலைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் ஜூல்ஸ் சில்வர்மேன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் வேலை கண்ணில் பட்டது. 1980களின் நடுவில் அங்கே சோளப்பாகில் விஷம் கலந்த இரை பரவலாக வந்தது. நன்றாக வேலையும் செய்தது. சில வருடங்களில் புளோரிடாவில் ஓர் இடத்துக் கரப்பான்கள் அதைச் சீண்டவில்லை. அவர் சோதித்துப் பார்த்தபோது, அவை ஒதுக்கியது விஷத்தை அல்ல, பாகிலிருந்த குளுக்கோஸை! பிரக்டோஸ் என்ற வேறு சர்க்கரையைக் கொடுத்தால் தின்றன. குஞ்சுகளுக்கும் அதே குணம் இருந்தது. 1993இல் இதை வெளியிட்டார்.

காரணம் தெரிய இன்னும் 20 வருடம் ஆனது. கரப்பானின் வாயருகே ருசி பார்க்கும் நுண்ணிய முடிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் இனிப்புக்கு ஒரு நரம்பணு, கசப்புக்கு ஒரு நரம்பணு. இந்தக் கரப்பான்களில் குளுக்கோஸ் பட்டால் கசப்பு நரம்பணுவும் சேர்ந்து துடித்து, இனிப்பை அமுக்கிவிடுகிறது. அயாகோ வாடா-கட்சுமாட்டா, சில்வர்மேன், கோபி ஷால் மூவரும் 2013இல் இதைக் காட்டினார்கள்.

மாஸ்டர் சொன்ன புத்தி இதில் இல்லை. எந்தக் கரப்பானும் பாடம் படித்து மாறவில்லை. கூட்டத்தில் எங்கோ ஒன்று இரண்டு பிறவியிலேயே நாக்குக் கோணலாகப் பிறந்திருக்கும். சாதாரண நாளில் அது குறைதான். சர்க்கரை கண்ட இடத்தில் விலகினால் பட்டினி. குளுக்கோஸ் கலந்த தீனியில் அவை மெதுவாகத்தான் வளர்கின்றன. நாம் இரை வைத்த அன்று நல்ல நாக்கு உள்ளது எல்லாம் செத்தது, கோணல் நாக்கு மிஞ்சியது. ஒரு பெண் கரப்பான் முட்டைப்பையை வயிற்று நுனியில் சுமந்து திரியும். உள்ளே 30, 40 குஞ்சு. இரண்டு மூன்று மாதத்தில் அவையும் முட்டை போடும். மாதாமாதம் அதே ஜெல்லை வைக்கும் ஆள் வேறென்ன செய்கிறான்? பொறுக்கியெடுத்து வளர்க்கிறான். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன், பல சமையற்கட்டுகளில்.

நாக்கு மாறியது தீனியோடு நிற்கவில்லை. ஆண் கரப்பான் பெண்ணிடம் முதுகைத் திருப்பி இறக்கையைத் தூக்கும். அடியில் சுரக்கும் இனிப்பை அவள் ஏறி நக்கும்போதுதான் இணையும். அதிலுள்ள மால்டோஸ் என்ற சர்க்கரையை அவளுடைய எச்சிலே குளுக்கோஸாக்கிவிடுகிறது. கோணல் நாக்குப் பெண்ணுக்கு அது கசக்கிறது, பாதியில் இறங்கிவிடுகிறாள். வட கரோலினாவில் அதே குழு பின்னர் கண்டது: அந்த வகை ஆண்களின் சுரப்பில் குளுக்கோஸாக எளிதில் மாறாத சர்க்கரை கூடியிருக்கிறது, அவள் இறங்குவதற்குள் முடிக்க அவை அவசரமும் காட்டுகின்றன. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அடுப்போரம் வைத்த ஒரு பொட்டு பாகு, எங்கோ காதல் முறையையே திருத்தியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மன் என்கிறோமே, 2024இல் வந்த மரபணு ஆய்வு, இந்த இனம் ஏறத்தாழ 2,100 வருடங்களுக்கு முன் இந்தியாவிலோ மியான்மரிலோ ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்தது என்கிறது. காட்டு வாழ்வை விட்டு மனிதர் வீட்டோடு ஒட்டிக்கொண்ட பூச்சி. நம் அடுக்களையை நம்பியே உருவானது.

அந்த ஓட்டல் கரப்பானுக்கும் அதே நாக்குதானா என்று ஆய்வுக்கூடம் இல்லாமல் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வேறு இரைப்பொருள் கொண்ட ஜெல்லுக்கு மாற்றிய மூன்றாம் நாள் பிரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னால் குவியலாகச் செத்துக் கிடந்தன. ஒரே ஜெல்லை மொத்தமாக வாங்கினால் மலிவு என்று சூப்பர்வைசர் முகம் சுளித்தார். விலைக் கணக்கை விட்டு, செத்ததைக் கூட்டிப் பையில் போட்டுக் காட்டிய பிறகு சரி என்றார்.

இப்போது என்னோடு வரும் பையனுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது ஜெல் வைப்பதை அல்ல. சிவப்பு டார்ச்சைக் கொடுத்து உட்கார வைக்கிறேன். போன வாரம் ஒரு பேக்கரியில் முட்டி வலிக்க அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தவன், மெதுவாக என் சட்டையை இழுத்தான். "அண்ணே, இது துள்ளல. சாப்பிடுது பாருங்க."