மரப்பேனாவுக்கு விலை போட்ட கணக்கு: 350ல ஆரம்பிச்சு 850ல வந்து நிக்கு

ரெண்டு வருசமா வீட்டுக்குப் பின்னால பழைய மாட்டுத்தொழுவத்துல ஒரு சின்ன லேத் (கடைசல் மிஷின்) போட்டு மரப்பேனா கடைஞ்சிட்டு இருக்கேன். பகல்ல தக்கலையில ஒரு கடையில கணக்கு எழுதுற வேலை, ராத்திரி எட்டு மணிக்கு மேல இதுதான். மரம் பெரும்பாலும் அயனி (பலா இனத்து மரம்), 2017 நவம்பர் 30 ஒக்கி புயல்ல மாமாவுக்க விளையில விழுந்தது, அப்பமே மில்லுல கொண்டுபோய் பலகையா அறுத்து மச்சுல அடுக்கி வச்சிருந்தாங்க, அதுல கதவு ஜன்னல் செஞ்சது போக மிச்சம் வந்த துண்டுதான் எனக்கு. மத்தபடி பிலா (பலா), புளி, ரப்பர், தென்னை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கைவசம் உண்டு.

கடையுறதப் பத்தி நிறைய பேரு எழுதிட்டாங்க, நான் எழுத வந்தது விலையப் பத்தி. எனக்கு லேத் பழகினதவிட இதுதான் ரொம்ப நாள் எடுத்துச்சு.

முதல்ல 350 ரூவாய்க்கு குடுத்தேன். கணக்கு ரொம்ப சிம்பிளா போட்டேன், பேனா கிட்டு (மரம் தவிர ரீஃபில், கிளிப், உள்ள போடுற பித்தளைக் குழாய் எல்லாம் சேர்ந்த செட்டு) கூரியரோட சேர்த்து 190, பெட்டி 35, மொத்தம் 225, மரம் சும்மா கெடச்சது, அப்ப 125 ரூவா லாபம். கூட வேலை செய்யுறவங்க, சொந்தக்காரங்கன்னு ஒரு பதினஞ்சு பேரு வாங்கினாங்க, எல்லாருக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு தங்கச்சி இதே வேலைய முழு நேரமா செய்யுது, பேனா, சாவிக்கொத்து, சின்ன கிண்ணம் இப்படி. கிட்டு வாங்குறப்போ ரெண்டு பேரும் சேர்ந்து ஆர்டர் போடுவோம், கூரியர் செலவு மிச்சமாகும்னு. ஒருநாள் போன்ல பேசிட்டு இருக்கும்போது எனக்க விலையக் கேட்டுச்சு, சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அண்ணா, உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வரும், எனக்கு இதுதான் சோறு. நீங்க 350க்கு குடுத்தா நாளைக்கு எங்கிட்ட வந்து 800 ரூவா எதுக்குன்னு கேப்பாங்க, நான் என்ன சொல்ல?"ன்னு கேட்டுச்சு. கோவமா எல்லாம் கேக்கல, அதுதான் ரொம்ப உறுத்துச்சு. அன்னைக்கு ராத்திரி லேத் பக்கமே போகல.

மறுநாள் எங்க தெருவுல இருக்குற வயசான ஆசாரிகிட்ட போனேன், எங்க வீட்டுக் கதவெல்லாம் அவரு செஞ்சதுதான். மணிக்கு எவ்வளவு கூலி எனக்குப் போட்டுக்கலாம்னு கேட்டேன். "மக்களே, நான் ஒருநாள் வந்தா 1200 வாங்குவேன். நீயும் உளிதானே பிடிக்க, உனக்க கை என்ன சும்மாவா"ன்னாரு. 1200ஐ எட்டு மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 150. நான் அவரளவு கைகாரன் இல்ல, அது எனக்குத் தெரியும், ஆனா பழகாத கைக்கு கூலி குறைச்சா வேலைக்கே கூலி குறைஞ்சு போகும், அதனால 150ஏ வச்சுக்கிட்டேன்.

அப்புறம் போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு ஒவ்வொரு வேலையும் எவ்வளவு நேரம்னு நோட்டுல எழுத ஆரம்பிச்சேன். 40 பேனா முடியுற வரைக்கும் எழுதினேன். கட்டைய அறுத்து 7 மில்லிமீட்டர் துளை போட 12 நிமிசம், துளைக்குள்ள பித்தளைக் குழாய ஒட்ட 5, ரெண்டு முனையையும் குழாய் மட்டத்துக்கு சமமா சீவ 6, மேண்ட்ரல்ல (லேத்துல கட்டைய கோத்து சுத்த வைக்குற கம்பி) மாட்டி கடைய 20, உப்புத்தாள் 150ம் நம்பர்ல (சொரசொரப்பானது) ஆரம்பிச்சு 600 (நைசானது) வரைக்கும் போட 15, பாலிஷ் 20, கடைசியா பூட்ட 7. மொத்தம் 85 நிமிசம். நான் மனசுல வச்சிருந்தது அரைமணி நேரம்! கடையுற நேரம் மட்டும்தான் வேலைன்னு தோணுது, அது நாலுல ஒரு பங்குகூட வரல. 85 நிமிசத்துக்கு 212 ரூவா.

மரம் சும்மா கெடச்சாலும் துண்டுக்கு 30 ரூவா போடணும்னு முடிவு பண்ணேன். ஏன்னா இந்த அயனி தீர்ந்ததும் அடுத்தத காசு குடுத்துதான் வாங்கணும், அன்னைக்கு திடீர்னு விலை ஏத்த முடியாது. பசை, உப்புத்தாள், பாலிஷ் எல்லாம் சேர்த்து 25. பாலிஷுக்கு முதல்ல மார்த்தாண்டத்துல வாங்கின தேன்மெழுக மட்டும் தேய்ச்சேன், பாக்க அவ்வளவு அழகு, ஆனா கை வேர்வை பட்டு ரெண்டு மாசத்துல மங்கிருச்சு. இப்பம் ஃபெவிகுவிக் மாதிரி பசைய மெல்லிசா ஏழெட்டு கோட்டு போட்டுட்டு மேல மெழுகு. நேரம் கூடுது, ஆனா குடுக்குற பைசாவுக்கு அது உழைக்கணும்ல.

பாழானதையும் கணக்குல சேக்கணும். 46 கட்டை எடுத்ததுல 40தான் பேனா ஆச்சு. மூணு துளை போடும்போது பிளந்துச்சு, ரெண்டு கடையும்போது சிராய் தெறிச்சுப் போச்சு, ஒண்ண நானே அளவுக்கு மேல கடைஞ்சுட்டேன். ஆறுக்கும் சேர்த்து நேரம், குழாய், பசைன்னு 900 ரூவா போயிருக்கு, அத 40ஆல வகுத்தா பேனாவுக்கு 23. லேத், உளி, துளை போடுற செட்டு எல்லாம் 30,000 ஆச்சு, 600 பேனா வரைக்கும் ஓடும்னு வச்சு பேனாவுக்கு 50.

இன்னொண்ணு நான் யோசிக்கவே இல்லாதது. துபாய்ல இருக்குற மச்சான் ஒருத்தருக்கு பிலா மரத்துல ஒண்ணு குடுத்தேன், போய் மூணாவது வாரம் போட்டோ அனுப்புறாரு, நடுவுல நீளமா வெடிப்பு. நம்ம ஊரு ஈரக்காத்துல காஞ்ச மாதிரி தெரிஞ்ச மரம் அங்க ஏசி ரூம்ல போய் இன்னும் காஞ்சு சுருங்கிருச்சு, உள்ள பித்தளைக் குழாய் சுருங்காது, அப்ப மரம்தான் வெடிக்கும். மாத்தி குடுத்தேன். அதுக்குப் பெறவு ஒவ்வொரு கட்டையிலயும் தேதி எழுதி சமையல் தராசுல வாரம் ஒருதடவ எடை போடுறேன், எடை குறையுறது நிக்குற வரைக்கும் தொடுறதில்ல. ஆனாலும் மாத்திக் குடுக்குறதுக்குன்னு பேனாவுக்கு 20 சேத்துட்டேன்.

ஆக கிட்டு, பெட்டி, மரம், பசை 280, கூலி 212, பாழ் 23, கருவி 50, மாத்திக் குடுக்க 20, மொத்தம் 585. இதத்தான் நான் 350க்கு குடுத்துட்டு இருந்தேன், பேனாவுக்கு 235 ரூவா கைல இருந்து போட்டிருக்கேன்.

அடுத்த தப்பு கடையில. பத்மநாபபுரம் அரண்மனை பாக்க வர்றவங்க அந்த மர வேலையெல்லாம் பாத்துட்டு வெளிய வர்றப்போ மரப்பொருள்மேல ஒரு ஆசையோட வருவாங்க, அங்க பக்கத்துல ஒரு கைவினைக் கடையில வைக்கக் கேட்டேன், 30 சதவீதம் கமிஷன்னாங்க. நான் 585க்கு மேல 30 சதவீதம் கூட்டி 760 போட்டேன். வித்த பைசா கைக்கு வந்தப்போ 532தான் இருக்கு. கணக்கு எழுதுற வேலை பாக்குறவன் நான், இத மொதல்லயே பாத்திருக்கணும். கமிஷன் போறது 585ல இருந்து இல்ல, 760ல இருந்து. நூத்துல முப்பது அவங்களுக்குப் போனா மிச்ச எழுவதுதான் 585ஆ நிக்கணும், அப்ப 585ஐ 0.7ஆல வகுக்கணும், 836 வருது. அதனால 850 வச்சேன், கடைக்கு 255, எனக்கு 595.

அப்ப நேர்ல வாங்குறவங்களுக்கு 600ன்னு குடுத்துட்டு இருந்தேன். கடைக்காரர் ஒருநாள் கூப்பிட்டு, எங்கிட்ட பாத்துட்டு உங்க நம்பரக் கண்டுபிடிச்சு அங்க வாங்கிட்டுப் போறாங்க, இது சரியில்ல தம்பின்னாரு. அது நியாயம்தான். அதே மாசம் நாகர்கோவில்ல ஒரு கண்காட்சியில டேபிள் போட்டேன், டேபிள் வாடகை 800, பஸ்ஸு சாப்பாடு 200, ஒருநாள் முழுக்க நான் நின்னதுக்கு 1200, மொத்தம் 2200, வித்தது ஏழு பேனா. ஒண்ணுக்கு 314 ரூவா விக்கிறதுக்கே ஆயிருக்கு. கடைக்காரர் அதே வேலைய 255க்கு செய்யுறாரு, வாடகையும் அவரே குடுக்குறாரு. இப்பம் எங்க வாங்கினாலும் 850தான்.

கல்யாண ஆர்டர் 25 வந்தப்போ ரொம்ப குறைக்கச் சொன்னாங்க. மொத்தமா துளை போட்டு மொத்தமா ஒட்டினா பேனாவுக்கு 58 நிமிசம்தான் ஆகுது, 27 நிமிசத்துக்கு 67 ரூவா மிச்சம், பெட்டியிலயும் பத்து ரூவா குறையுது. அதனால 775. எனக்கு எவ்வளவு மிச்சமோ அவ்வளவு குறைச்சேன், அத அவங்ககிட்டயும் அப்படியே சொன்னேன், ஒத்துக்கிட்டாங்க.

ரப்பர் மரத்துக்கு மட்டும் ஏன் அதே விலைன்னு நிறைய பேரு கேக்காங்க, பால் வத்தினா வெட்டி தள்ளுற மரம்தானேன்னு. 585ல மரம் வெறும் 30, அது பாதியானாலும் 15 ரூவாதான் குறையும். போக, மருந்து ஏத்தாத ரப்பர் தடியில பூஞ்சை வந்து நீலம் பாரிக்கும், வண்டும் துளைக்கும், நல்ல துண்டு தேடணும். தென்னை மட்டும் 950, நார் பிடுங்கிட்டு வரும், நடுநடுவுல பசை விட்டு விட்டு கடையணும், கிட்டத்தட்ட 27 நிமிசம் கூடுது.

பழைய 350 ஆளுங்கள்ல நாலு பேரு திரும்ப கேட்டாங்க. நோட்ட எடுத்துக் காட்டினேன். ரெண்டு பேரு வாங்கல, ரெண்டு பேரு 850 குடுத்து வாங்கினாங்க, அதுல ஒருத்தர் அப்ப பழைய பேனாவுக்கு மிச்ச பைசா தரட்டான்னு கேட்டாரு, வேண்டாம்னுட்டேன்.

மார்த்தாண்டம் தங்கச்சிக்கு புது விலைய சொன்னேன், அதுவும் பாழ் கணக்கு எழுதாமதான் இருந்துச்சாம், இப்பம் எழுதுது. மை பேனாவுக்கு இன்னும் விலை போடல, மூணுதான் செஞ்சிருக்கேன், நிப்பு சரிபாக்குற நேரம் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மாதிரி வருது. பத்தாவது முடிஞ்சதும் நோட்டு கணக்கோட வரேன்.