அபெயோகுட்டாவில் ஒரு ஞாயிறு ஆராதனை

நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில் எங்கள் ஆபீஸ் காரை ஓட்டுபவருக்கு அறுபது வயதுக்கு மேல். எல்லோரும் பாபா என்றுதான் கூப்பிடுவோம். யொரூபா மக்கள் வயதில் மூத்த ஆண்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். அவரோ என்னை 'ஓகா' என்பார், முதலாளி என்று அர்த்தம். எவ்வளவு சொல்லியும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

பாபாவின் காரில் எப்போதும் ஒரே குரல்தான் ஓடும். யார் என்று முதல் நாள் கேட்டேன். "எபெனேசர் ஓபே" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பாளையங்கோட்டையில் எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு எபெனேசர் உண்டு. என் தாத்தா பெயரும் அதுதான். இம்மட்டும் ஆண்டவர் உதவினார் என்று சாமுவேல் தீர்க்கதரிசி நாட்டிய கல்லின் பெயர் அது. அந்தப் பெயரில் ஒருவர் கிதாரும் மேளமுமாக, ஒரு கல்யாண வீட்டையே ஆட வைக்கிற மாதிரி பாடிக்கொண்டிருந்தார்.

ஓபே 1942இல் பிறந்தவர். 1964இல் சொந்தமாக ஒரு இசைக்குழு ஆரம்பித்தார், அதுவே பின்னால் இன்டர் ரிஃபார்மர்ஸ் ஆனது. இவர்கள் இசைக்கு ஜுஜு என்று பெயர். நாலைந்து கிதார், அதற்கு மேல் பேசும் மேளம், அதற்கும் மேல் சாவகாசமாக ஒரு குரல். 1970களில் நைஜீரியாவில் இவரும் கிங் சன்னி அடேயும்தான் இந்த இசையின் இரண்டு பெரிய நட்சத்திரங்கள். ரசிகர்கள் 'சீஃப் கமாண்டர்' என்பார்கள்.

ஒருநாள் மாலை தேர்ட் மெயின்லேண்ட் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். ஒரு பாட்டை நிறுத்தி நிறுத்திப் பாபா எனக்கு அர்த்தம் சொன்னார். அப்பா, மகன், ஒரு கழுதை. மகன் ஏறினால் ஊர் ஏசுகிறது, அப்பா ஏறினால் ஏசுகிறது, இருவரும் ஏறினாலும் ஏசுகிறது, இறங்கி நடந்தால் சிரிக்கிறது. "இந்தக் கதை எங்கள் ஊர்க் கதை பாபா!" என்றேன். "இல்லை ஓகா, எங்கள் கமாண்டர் கதை" என்று அவர் ஒரே பிடியாக நின்றார். 'கெட்டெகெட்டெ' என்ற அந்தப் பாட்டு இங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

இந்த ஓபேதான் 1992இல் பாட்டு வாழ்க்கையிலிருந்து ஊழியத்துக்குத் திரும்பினார். டிகிராஸ் காஸ்பல் மிஷன் என்று ஒரு சபையைத் தொடங்கி சுவிசேஷகரானார். புகழ் மங்கிப்போய் வந்தவரில்லை. அவர் பாட்டு இல்லாமல் பணக்கார வீடுகளில் விசேஷம் நடக்காத காலம் இருந்தது. ஜுஜு பாடகர்கள் அந்த விசேஷங்களில் வீட்டுக்காரர்மேல் 'ஓரிகி' பாடுவார்கள். நம் மெய்க்கீர்த்தி மாதிரி, குலம், முன்னோர், கொடை எல்லாவற்றையும் அடுக்கும் புகழ்ப்பாட்டு. புகழப்பட்டவர் ஆடிக்கொண்டே வந்து பாடகரின் நெற்றியில் ரூபாய் நோட்டை, இங்கே நைரா நோட்டை, ஒவ்வொன்றாக ஒட்டுவார்.

"அவ்வளவையும் எப்படி விட மனசு வந்தது பாபா?"

"எங்கே விட்டார்? வீட்டுக்காரர் பெயரை எடுத்துவிட்டு ஆண்டவர் பெயரைப் போட்டார்."

சாட்சி சொல்லும்போது 'அன்று பாவி, இன்று விசுவாசி' என்று இரண்டாக வெட்டிச் சொல்வதுதான் நம் சபைகளில் வழக்கம். ஓபே விஷயத்தில் அந்த வெட்டு பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. ஊழியத்துக்கு வருவதற்கு இருபது வருஷம் முன்பே ஆண்டவருக்கு நன்றி சொல்லும் பாட்டுகளை அதே ஆட்ட மேடையில் பாடியிருக்கிறார். ஊழியரான பிறகும் பழைய பாட்டுகளை மேடையில் பாடினார். எனக்கு அதில் குறை தெரியவில்லை. கழுதைக் கதை பாடியவர் ஊர்ப்பேச்சுக்குப் பயப்படலாமா?

"கமாண்டர் யொரூபாவில் எக்பா இனத்துக்காரர். எக்பாக்காரரைப் புரிந்துகொள்ள அபெயோகுட்டாவைப் பார்க்க வேண்டும். என் அக்கா அங்கேதான் இருக்கிறாள்" என்றார் பாபா. போன மாதம் ஒரு சனிக்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். லாகோஸிலிருந்து வடக்கே கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர்.

அக்காவுக்கு எண்பது வயதிருக்கும். வாசலில் அவரைப் பார்த்ததும் பாபா செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். யொரூபா ஆண்கள் மூத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை இது. அக்கா அவர் முதுகைத் தொட்டு ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லி முடிக்கும்வரை பாபா எழுந்திருக்கவில்லை. அது அவர்கள் குடும்பத்து ஓரிகி என்று அப்புறம் தெரிந்தது. நான் குனிந்து கும்பிட்டேன். என்னையும் ஆசீர்வதித்தார்.

மத்தியானம் ஒலுமோ பாறை ஏறினோம். அபெயோகுட்டா என்றால் 'பாறையின் கீழே' என்று பொருள். 1830வாக்கில் சண்டைகளுக்குத் தப்பி வந்த எக்பா மக்கள் இந்தப் பாறையின் குகைகளில் ஒளிந்து பிழைத்து, அதன் காலடியிலேயே ஊரைக் கட்டினார்கள். மேலே நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் துருப்பிடித்த தகரக் கூரைகள், செம்மண் நிறத்தில். நடுவில் பள்ளிவாசல், தேவாலயக் கோபுரங்கள்.

ஆனால் நான் வந்தது மறுநாளுக்காக. ஆக்கே பகுதியில் இருக்கும் தூய பேதுரு பேராலயம் நைஜீரியாவின் முதல் தேவாலயம் என்று சொல்லப்படுவது. 1846இல் இங்கே வந்து இறங்கிய, சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷன் சங்கத்து மிஷனரிகளின் பணியில் பிறந்தது. எங்கள் பாளையங்கோட்டைக்கு ரேனியஸ் ஐயரை 1820இல் அனுப்பியதும் அதே சி.எம்.எஸ்.தான். பெஞ்சில் உட்கார்ந்ததும் சொந்த ஊர்க் கோயிலில் உட்கார்ந்த மாதிரியே இருந்தது எனக்கு.

வந்த மிஷனரிகளில் ஒருவர் வெள்ளைக்காரர் இல்லை. சாமுவேல் அஜாயி கிரௌதர். பன்னிரண்டு வயதுவாக்கில், 1821இல், அடிமை பிடிப்பவர்கள் அவர் கிராமத்தைச் சூறையாடி அவரைக் கொண்டுபோனார்கள். கைக்குக் கை விற்கப்பட்டு, கடைசியில் போர்ச்சுகீசியக் கப்பலில் ஏற்றப்பட்டார். பிரிட்டிஷ் கடற்படை வழிமறித்து மீட்டு சியரா லியோனில் இறக்கியது. அங்கே படித்து, ஞானஸ்நானம் பெற்று, 1843இல் குருவானவராகி, இந்த ஊருக்கு வந்தார். வந்த சில வாரங்களில், ஆகஸ்ட் 21ஆம் தேதி, ஒரு வயதான பெண்ணை அவரிடம் அழைத்து வந்தார்கள். அவருடைய அம்மா. இருபத்தைந்து வருஷம். ஒருவரையொருவர் பார்த்தபடி முதலில் பேச்சே வரவில்லையாம். 1848இல் அந்த அம்மா ஞானஸ்நானம் பெற்று அன்னாள் ஆனார். சாமுவேலின் தாய் அன்னாள் என்று வேதம் படித்தவர்களுக்குத் தெரியும்.

இதைப் பாபா என் காதோரம் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அம்மாவைப் பார்த்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கே இப்படி.

யொரூபா வேதாகமத்தை மொழிபெயர்த்ததில் பெரும்பங்கு கிரௌதருடையது. பக்கத்து அம்மா தன் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். எழுத்துக்குக் கீழே புள்ளி, மேலே சாய்ந்த கோடுகள். மேல் கோடுகள் சுருதிக்கானவை. 'ஒகொ' என்பதை ஒரே சுருதியில் சொன்னால் கணவன், கடைசியில் ஏற்றினால் மண்வெட்டி, இறக்கினால் வண்டி. ஆரம்பத்தில் இங்கிலீஷ் பாமாலை மெட்டுக்குள் யொரூபாச் சொற்களை நுழைத்துப் பாடினார்கள். மெட்டு ஏறும் இடத்தில் சொல் இறங்க வேண்டியிருந்தால் அர்த்தமே மாறிவிடும். இந்த மொழியின் சுருதியை அப்படியே பேசக்கூடிய மேளங்களையோ, அந்நிய தெய்வங்களுக்கு உரியவை என்று கோயிலுக்கு வெளியே வைத்தார்கள். அந்த மேளம் கோயிலுக்குள் வர வெகுகாலம் பிடித்தது.

அன்று ஸ்தோத்திரக் காணிக்கை நேரத்தில் அது வந்தது. உடுக்கையைப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. அக்குளில் இடுக்கி, பக்கத்துக் கயிறுகளை முழங்கையால் அமுக்கி, வளைந்த குச்சியால் அடித்தார் ஓர் இளைஞர். அமுக்கினால் குரல் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. ஜனங்கள் வரிசை வரிசையாக ஆடிக்கொண்டே பீடத்தை நோக்கிப் போனார்கள். எழுபது வயதுப் பாட்டிமார் இடுப்பை அசைத்து, நோட்டைத் தலைக்கு மேல் ஆட்டி, அப்புறம் காணிக்கைக் கூடையில் போட்டார்கள். ஓபேயின் ஆட்டம், ஓபேயின் மேளம். நெற்றியில் ஒட்ட யாரும் இல்லை, அவ்வளவுதான். "மேளம் என்ன சொல்கிறது பாபா?" என்று கேட்டேன். "ஓரிகி" என்றார். "அவருடைய ஓரிகி." மேலே கையைக் காட்டினார்.

நானும் ஆடினேன். எங்கள் ஊர்க் கோயிலில் கைதட்டக்கூட யோசிக்கிற குடும்பம் எங்களுடையது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பாபா அந்த மேளக்கார இளைஞரிடம் ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேளத்தை மறுபடி இடுக்கினார். நாலு அடி. மறுபடி நாலு அடி. எபெனேசர். என் தாத்தாவின் பெயரை மேளம் சொல்வதை முதல்முறையாகக் கேட்டேன். போனில் பதிவு செய்து அப்போதே அம்மாவுக்கு அனுப்பினேன்.

திரும்பும் வழியில் அம்மா பேசினார்.

"உடுக்கை மாதிரி இருக்கே, எங்கே அடிக்கிறாங்க?"

"கோயில்லதான்ம்மா."

"கோயிலுக்குள்ளேயா?"

"ஆமாம்மா. அது தாத்தா பேரு."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. அப்புறம் போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு அதை மறுபடி போட்டுக் கேட்கிறார் என்று தெரிந்தது. நாலு அடி. மறுபடி நாலு அடி. பாபா காரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்.