குனிந்தால் குரைக்கும் செவலை

செவலைக்கு மூன்று வயதிருக்கும் என்றார்கள். மதுரையில் ஒரு நாய்க் காப்பகத்திலிருந்து எடுத்து வந்தேன். காது நுனியில் கருத்தடை செய்ததற்கான வெட்டு இருந்தது. ஆக, தெருவில் வளர்ந்தவள். மற்றபடி சமத்து. வேட்டுச் சத்தத்துக்குப் பயமில்லை, பூனையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள், தபால்காரருக்கு வாலாட்டுவாள். யாராவது குனிந்தால் மட்டும் பாய்வாள்.

எங்களுடையது செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பழைய வீடு. விடிந்தால் அப்பத்தா வாசலில் கோலம் போட வேண்டும், வேலைக்கு வரும் அக்கா வளவை, அதாவது நடு முற்றத்தை, கூட்ட வேண்டும், நான் செருப்பைத் தேட வேண்டும். ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குனிகிறோம் என்பது செவலை வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். வலி இருந்தாலும் பார்வை மங்கியிருந்தாலும் நாய் இப்படிச் சீறலாம் என்று இடுப்பு, கண், காது எல்லாம் பார்த்தார். குறை ஒன்றுமில்லை. காரணத்தைச் சொன்னது அப்பத்தாதான்: "மனுசன் குனிஞ்சா கல்லெடுக்கிறான்னு அர்த்தம்டா. தெருவுல கெடந்த நாய்க்கு வேற என்ன தெரியும்?"

அது புரிந்தும் ஒரு தப்புச் செய்தேன். உறுமும்போதெல்லாம் அதட்டினேன். பத்து நாளில் உறுமல் நின்றது. சரி, வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தபோது, சத்தமே இல்லாமல் வந்து புறங்கையில் பல் பதித்தாள். பயம் அப்படியேதான் இருந்திருக்கிறது. 'கிட்ட வராதே' என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் நான் நிறுத்தியிருக்கிறேன்.

செவலைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தது. இருந்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். முதல் ஊசி நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 என்று நான்கு நாள் ஊசி. வரிசையில் நின்றபோது யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

செட்டிநாட்டு வீட்டில் ஒரு வசதி உண்டு. வாசல்கள் நேர்க்கோட்டில் இருப்பதால் முகப்பிலிருந்து வளவு, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு என்று வரிசையாக வரும் பகுதிகள் எல்லாம் தாண்டிப் பின்தெரு வரை பார்வை போகும். அந்த நீளத்தைத்தான் பயன்படுத்தினேன். கழுத்துப்பட்டையை எடுத்துவிட்டு, மார்பில் மாட்டும் பட்டையோடு செவலையைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கட்டுக்குள் உட்காருவேன். அக்கா முகப்பில் லேசாகக் குனிந்து நிமிர்வார். உடனே செவலை வாயில் ஒரு துண்டு அவித்த கோழி. உப்பில்லை, மிளகில்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு கோழியை அப்படி அவிப்பதற்கு அப்பத்தாவிடம் நான் வாங்கிய ஏச்சு தனிக்கதை.

இதில் வரிசை முக்கியம். முதலில் குனிவது, பிறகு கோழி. மாற்றிச் செய்தால் கோழியைக் கண்டதுமே யாரோ குனியப்போகிறார்கள் என்று நாய் உஷாராகிவிடும். கோழியை வாங்க மறுத்தாலோ, சும்மா சும்மா உதட்டை நக்கினாலோ, உடம்பு விறைத்தாலோ தூரம் போதவில்லை என்று அர்த்தம். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். கோலம் போடும் நேரத்திலும் கூட்டும் நேரத்திலும் அவளைப் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். ஒரு தடவை பாய்ந்தாலும் பழகியதெல்லாம் கெட்டுவிடுகிறது.

மூன்றாம் வாரம் அப்படித்தான் ஆனது. தெருவில் கிரிக்கெட் ஆடிய பையன் பந்தை எடுக்க எங்கள் படியருகில் குனிந்தான். கயிறு கையில் இருந்ததால் தப்பித்தான். இரண்டு நாள் பயிற்சியே வேண்டாமென்று விட்டுவிட்டு, மறுபடி கடைசிக் கட்டிலிருந்து தொடங்கினோம். அன்றிலிருந்து வாசலுக்குக் கூட்டிப்போகும்போது கூடை போன்ற வாய்மூடி மாட்டினேன். அதில் வாயைத் திறந்து இளைக்கவும் முடியும், கோழித்துண்டும் உள்ளே போகும்.

இரண்டு மாதம் ஆனபோது தூரம் குறைந்து வளவின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் விளக்குமாற்றோடு அக்கா. அக்கா குனிந்ததும் செவலை என் முகத்தைப் பார்த்தாள், 'எங்கே கோழி?' என்று. அன்றைக்கு அக்காவுக்கும் எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

பொங்கலுக்கு அப்பத்தா நடுவீட்டுக் கோலம் போட்டபோது செவலை பத்தடி தள்ளிப் படுத்திருந்தாள், நான் பக்கத்திலேயே. பழகாத ஆட்கள் குனிந்தால் இன்னும் நம்புவதில்லை. அதனால் விருந்தாளிகள் வாசலில் செருப்பைக் கழற்றி முடிக்கும் வரை அவளுக்கு இரண்டாம் கட்டுதான்.